தேக்காவில் கிடைத்த குரல்

போட்டிக்கு மூன்று நிமிடக் காணொளி ஒன்று எடுக்க வேண்டும் என்று என் மகள் வந்து சொன்னபோது, எங்கள் வீட்டில் என் கணவரின் குரல் கேட்டு ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது. அவள் அப்போது உயர்நிலை மூன்றில் படித்துக்கொண்டிருந்தாள். தமிழ் மாணவர்களுக்கான போட்டி அது. அறிவியல் புனைகதைகளில் கற்பனையாக வந்து இன்று நிஜமாகிவிட்ட ஒரு தொழில்நுட்பத்தைப் பற்றிப் படம் எடுத்துத் தமிழில் விளக்க வேண்டும். முதலில் ஓட்டுநர் இல்லாத வாகனம் என்றாள். அப்புறம் பறக்கும் டாக்சி என்றாள். பறக்கும் டாக்சியில் இதுவரை நீ எங்கே போயிருக்கிறாய் என்று நான் கேட்டதற்கு என்னை முறைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். மறுபடி இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டு மேசையில் அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டே, குரலைப் பற்றி எடுக்கப்போவதாகச் சொன்னாள். குரலை இழந்தவருக்கு இயந்திரம் அவருடைய குரலையே திருப்பித் தருவது பற்றி.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. தட்டில் இருந்த கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். எடுக்கட்டுமா என்று அவள் மறுபடி கேட்டதும் தோளைக் குலுக்கினார். உன் இஷ்டம் என்பதற்கு அப்போதெல்லாம் எங்கள் வீட்டில் அதுதான் வார்த்தை.

அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சையில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, மூச்சு இனி அதன் வழியாகத்தான். உயிர் பிழைத்தாரே, அது போதும் என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி, அவர்களுக்குக் காப்பி கலந்து கொடுத்து அனுப்பினேன். உள்ளுக்குள் எனக்கு அவர்கள்மேல் கோபம் கோபமாக வந்தது. உயிர் பிழைத்து வந்த மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவர்கள் யாரும் பார்த்ததில்லை.

அவருடைய பிழைப்பே குரல்தான். பூன் லேயில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் கொஞ்ச தூரம் போனால் வரும் ஒரு கப்பல் பட்டறையில் அவர் பாதுகாப்பு மேற்பார்வையாளர். காலையில் வேலை தொடங்குவதற்கு முன்னால் தொழிலாளர்களை வரிசையாக நிற்கவைத்து, அன்றைக்கு என்ன வேலை, எங்கே ஆபத்து, யார் எங்கே ஏறப்போகிறார்கள் என்று சொல்வார்கள். டூல்பாக்ஸ் மீட்டிங் என்பார்கள். மைக் கிடையாது. இரும்பு அடிக்கும் சத்தம், கிரேன் சத்தம், எல்லாவற்றுக்கும் மேலே அவர் தொண்டை ஏறி நிற்கும். தமிழ், இங்கிலீஷ், மலாய் எல்லாம் கலந்து, இந்த ஊர் வழக்கப்படி ஒரு வரிக்கு ஒரு லா போட்டு, தமிழ்நாட்டிலிருந்து வந்த பையன்களை ஓட ஓட விரட்டுவார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கேள்விதான். ஏனென்றால் நான் அந்தக் குரலை நேரில் கேட்டதே இல்லை.

பகல் முழுக்கக் கத்திவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் அவர் மெதுவாகத்தான் பேசுவார். சமையலறையில் எனக்குப் பின்னால் வந்து நின்று ஏதாவது சொன்னால், குழாயை மூடினால்தான் காதில் விழும். எனக்கு எரிச்சலாக வரும். அங்கே கத்துவதில் பாதியாவது இங்கே பேசக் கூடாதா என்று நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டிக் குழாயை மூடிவிட்டு, சொன்னதையே மறுபடி சொல்வார், அதே மெதுவான குரலில்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒருவர் எங்களை உட்காரவைத்து, குரலை இப்போதே பதிவு செய்து வையுங்கள் என்று சொன்னார். பிறகு என் கணவர் கைக்கணினியில் எதைத் தட்டச்சு செய்தாலும் அது அவர் குரலிலேயே பேசுமாம். சில வருடங்களுக்கு முன்னால்வரை இதெல்லாம் கதைதான் என்றும் சொன்னார். படிக்க வேண்டிய வாக்கியங்களை ஆங்கிலத்தில் கொடுத்தார். வீட்டில் நாங்கள் மூன்று பேருமே தமிழில்தான் பேசுவோம் என்பதால், அதே மாதிரி தமிழில் நான் எழுதித் தந்தேன். மகள் அதைப் பள்ளித் தமிழில் திருத்தினாள். அவர் முகம் கழுவி, தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, நிமிர்ந்த முதுகோடு படித்தார். "வணக்கம். எனக்குச் சற்று ஓய்வு தேவைப்படுகிறது. சன்னலைத் திறந்துவிட இயலுமா?" நாங்கள் இருவரும் பக்கத்தில் நின்று, ழகரத்தை இன்னும் கொஞ்சம் நன்றாகச் சொல்லுங்கள் என்று அவரைத் திருத்திக்கொண்டிருந்தோம்.

எங்களில் ஒருவருக்குக்கூட இதில் ஏதோ பிசகு இருப்பதாகத் தோன்றவில்லை. மைக் ஒன்று முன்னால் வந்துவிட்டால் எங்கள் ஊர்த் தமிழ் சட்டை மாற்றிக்கொண்டுதான் வரும். பள்ளியில் அப்படி, வானொலியில் அப்படி, கோயில் மேடையில் அப்படி. கல்யாண மண்டபத்தில் சொந்த அண்ணன் மகளை வாழ்த்தக் கூப்பிட்டால்கூட, மைக்கைப் பிடித்ததும் "மணமக்கள் பல்லாண்டு வாழ" என்றுதான் வாயில் வரும். பதிவு செய்வது என்றால் நல்ல தமிழில்தான் செய்வது. அது எங்களுக்குக் கேள்வி கேட்காத வழக்கம். போதாக்குறைக்கு, அந்தச் சமயத்தில் நோய் முற்றி அவர் குரல் கரகரத்துப்போயிருந்தது.

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு நாள் அவர் முதல் தடவையாகக் கைக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு மெல்லத் தட்டினார். "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றுதான் தட்டியிருந்தார். அது வந்த விதத்தை நான் எப்படிச் சொல்வது? ஒவ்வோர் எழுத்தையும் அழுத்தி, நிறுத்தி, கரகரவென்று, செய்தி வாசிப்பதுபோல் வந்தது. சின்ன வயதில் நான் படித்த கதைகளில் ரோபோ இப்படித்தான் பேசும். நான் தண்ணீரை எடுத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் அவர் கைக்கணினியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். பிறகு அதைத் தொடவே இல்லை.

கழுத்தில் வைத்து அழுத்திப் பேசும் கருவி ஒன்று கொடுத்தார்கள். தேனீ ரீங்கரிப்பதுபோல் ஒரே சத்தம். லிஃப்டில் ஒரு குழந்தை அதைக் கேட்டுப் பயந்து அழுததிலிருந்து அது மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. பேசுவதற்காகத் தொண்டைக்குள் பொருத்தும் சிறிய வால்வு கதிர்வீச்சால் வெந்துபோன அவர் தொண்டைக்கு ஒத்துவரவில்லை. மிஞ்சியது ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும். பால் வாங்கணும். வலி இல்லை. தூங்கப்போறேன். அவ்வளவுதான் அதில் வரும். வேலையிடத்து வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகி, போனில் இருந்த பழைய செய்திகள் அத்தனையையும் அழித்துவிட்டார். பட்டறைப் பையன்கள் ஆரஞ்சுப் பழப் பையோடு பார்க்க வந்தபோது, கதவைத் திறக்காதே என்று எனக்குச் சைகை காட்டினார். வாசல் இரும்புக் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, அண்ணன் தூங்குகிறார் என்று நான் பொய் சொன்னேன். அவர்களில் மூத்தவர் பையை என் கையில் கொடுத்துவிட்டு, தன் போன் நம்பரையும் சொல்லிவிட்டுப் போனார்.

பேச்சுப் பயிற்சி தரும் அந்தப் பெண் என்னைத் தனியாக அழைத்து எச்சரித்திருந்தார். எந்த வழியிலாவது அவர் பேசத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் நாளாக ஆக மனிதர்களைவிட்டே விலகிப்போய்விடுவார் என்றார். நான் கடவுளிடம் வேறெதுவும் கேட்கவில்லை. என் கணவர் என்னைத் திட்டினால்கூடப் போதும் என்றுதான் இருந்தது.

மகள் போட்டிக்கு அந்தப் பதிவு செய்த குரலைத்தான் எடுத்தாள். வசனம் எழுதி, அதை அப்பாவின் குரலில் பேசவைத்து, படங்களோடு சேர்த்துவிட்டாள். பள்ளியில் அவளுடைய தமிழாசிரியைக்கு ஒரே மகிழ்ச்சியாம். உச்சரிப்பு அவ்வளவு சுத்தம், மொழிக்கு முழு மதிப்பெண் நிச்சயம் என்றாராம். மகள் பெருமையோடு வந்து அதைத் தொலைக்காட்சியில் போட்டாள். அவர் சோபாவில் உட்கார்ந்து முழுதும் பார்த்தார். "அன்று கற்பனை, இன்று உண்மை. என் குரல் என்னிடமே திரும்பி வந்திருக்கிறது" என்று அந்தக் குரல் முழங்கி முடித்தது. அவர் பலகையை எடுத்து எழுதினார். நல்லா இருக்கு, ஆனா இது நான் இல்ல. நாங்கள் படித்ததும் உள்ளங்கையால் அழித்துவிட்டு, எழுந்து வாசலுக்கு வெளியே நடைபாதைப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

மகள் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். வெகு நேரம் கழித்து வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, எனக்கு ஞாபகமே வர மாட்டேங்குது. அப்பா நார்மலா எப்படிமா பேசுவாரு?"

நான் யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்ன வார்த்தைகள் எல்லாம் நினைவில் இருந்தன. அவை எப்படி ஒலித்தன என்று கேட்டால், நானும் அந்தக் கரகரப்பையும் செய்தி வாசிப்பையும் தாண்டிப் போக முடியாமல் நின்றேன். ஒரு வருடத்துக்குள் அப்படி ஆகிவிட்டது. அன்று நான் உண்மையிலேயே பயந்தேன்.

இருவரும் உட்கார்ந்து என் போனைத் துழாவினோம். எங்களுக்குள் வந்த செய்திகள் எல்லாம் எழுத்துதான். வரும்போது கொத்தமல்லி, லேட்டாகும், மாதிரி. ஒரே வீட்டில் இருப்பவர்கள் எதற்குக் குரல் அனுப்பிக்கொள்ளப் போகிறோம்? பிறந்தநாள், தீபாவளி என்று எடுத்த காணொளிகள் நிறைய இருந்தன. ஆனால் போனைப் பிடித்து எடுத்தவர் அவர்தான், அதனால் எதிலும் அவர் இல்லை. ஏதோ ஒன்றில் "இங்க பாரு" என்று ஒரு சொல், வேறொன்றில் ஓர் இருமல். அவ்வளவுதான் கிடைத்தது. அப்போதுதான் மகளுக்கு நினைவு வந்தது. ஞாயிறு சாயங்காலங்களில் கட்டடத்துக்குக் கீழே போய் உட்கார்ந்து, பட்டறையில் பேசுகிற மாதிரியே பட்டறைக் குழுவுக்கு அப்பா குரல்செய்தி அனுப்புவாரே, நாளைக்கு என்ன வேலை என்று? அவர் போனில் அழித்துவிட்டார், சரி. அவர்கள் போனில்?

தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் விடுமுறை நாளில் கூடும் தேக்காவுக்கு அடுத்த ஞாயிறு நாங்கள் போனோம். ஆரஞ்சுப் பை கொடுத்த அந்த மூத்த தொழிலாளிக்கு போன் செய்திருந்தேன். அங்கே கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் திடலில் நிற்பதாகச் சொன்னார். மத்தியான வெயில் இறங்காத நேரத்திலேயே திடல் நிறைந்துவிட்டிருந்தது. செய்தித்தாளை விரித்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள், முடி வெட்டிக்கொள்கிறவர்கள், எங்கே பார்த்தாலும் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஊரில் இருக்கும் குழந்தையிடம் கொஞ்சுகிறவர்கள். ஒருவர் தன் தட்டில் இருந்த மீனைத் திரைக்குக் காட்டி, மனைவியிடம் குழம்பில் புளி பத்தவில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். முகம் பார்த்துப் பேசும் போன் என்பது என் சின்ன வயதில் விண்வெளிக் கதைகளில் மட்டும்தான் வரும். மகளும் அதையேதான் பார்த்திருப்பாள்போல. பேசாமல் இதையே எடுத்திருக்கலாம் என்று என் காதோரம் முணுமுணுத்தாள்.

மூத்தவரோடு இன்னும் நான்கைந்து பேர் இருந்தார்கள். எங்களுக்கு இடம் விட்டு, குளிர்பானம் வாங்கி வந்து கையில் திணித்தார்கள். அண்ணன் எப்படி இருக்கிறார், சாப்பிடுகிறாரா, போன் செய்தால் ஏன் எடுப்பதில்லை என்று கேள்விமேல் கேள்வி. பேச முடியாததால் கூச்சப்படுகிறார் என்று நான் சொன்னேன்.

"அவரு பேச வேணாம் அண்ணி. நாங்க பேசுவோம்ல? அவரு சும்மா உக்காந்து கேட்டாப் போதும்" என்றார் மூத்தவர். அவர் குரலில் வருத்தத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. வாசல் கேட்டில் நின்று நான் சொன்ன பொய்யை அவர் அன்றைக்கே நம்பவில்லை என்று எனக்கு விளங்கியது.

மகள் தான் வந்த காரியத்தைச் சொன்னாள். பழைய குரல்செய்திகள் வேண்டும், அவற்றை வைத்து அப்பா வழக்கமாகப் பேசுகிற மாதிரியே ஒரு குரல் செய்துவிடலாம், போட்டிக்கும் ஆகும், அப்பாவுக்கும் ஆகும் என்றாள். அவர்கள் உற்சாகமாகத் தலையாட்டினார்கள். மூத்தவர் மட்டும் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

"அப்பாகிட்ட கேட்டியா பாப்பா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நானும்தான். குரலைத் தேடிப் புறப்பட்ட அவசரத்தில், குரலுக்கு உரியவரிடம் கேட்க வேண்டும் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. அண்ணனுடைய குரலை அண்ணன் சொல்லாமல் தரமாட்டேன் என்று அவர் அமைதியாகச் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு அவரே போனை எடுத்து, என் கணவருக்கு ஒரு குரல்செய்தி அனுப்பினார். அண்ணியும் பாப்பாவும் இங்கே வந்திருக்கிறார்கள், உங்கள் பழைய பேச்சைக் கேட்கிறார்கள், கொடுக்கட்டுமா என்று கேட்டார். பதில் சொல்லாவிட்டால் கொடுக்க மாட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டார்.

காத்திருந்தோம். செய்தி போய்ச் சேர்ந்த அடையாளம் வந்தது. அவர் கேட்டுவிட்ட அடையாளமும் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து கிளம்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, உயர்த்திய ஒரு கட்டைவிரல் வந்து நின்றது. பட்டறையை விட்டு வந்த பிறகு அவர் இவர்களுக்கு அனுப்பிய முதல் பதில் அது. ஒருவர் விசில் அடித்தார்.

மூத்தவர் ஒலியை முழுக்க ஏற்றிவிட்டு ஒரு செய்தியைத் தட்டினார்.

"டேய், நாளைக்கு மழ வரும் போல. ஏணி எல்லாம் வழுக்கும். பெல்ட்டு போடாம ஒருத்தனும் மேல ஏறக் கூடாது, சொல்லிட்டேன். ஏறினா கீழேர்ந்து நான் கத்துவேன், தெரியும்ல? சரி, எல்லாரும் சாப்ட்டுட்டுத் தூங்குங்க லா."

திடலில் சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்படி ஒரு கணீரென்ற குரல். நோய் தொடாத குரல். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் பழையதான இதையெல்லாம் ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். புது மேற்பார்வையாளர் ஆங்கிலத்தில் மட்டும்தான் பேசுவாராம். புதிதாக ஊரிலிருந்து வரும் பையன்களுக்கு முதல் நாள் இந்தச் செய்தியைத்தான் போட்டுக் காட்டுவார்களாம். முகம் தெரியாத பையன்கள்கூட இந்தக் குரலுக்குப் பயந்து பெல்ட்டை மாட்டுகிறார்கள் என்றார் மூத்தவர். அண்ணன் அங்கே இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறார் என்று சொல்லிச் சிரித்தார்.

எல்லோரும் தங்கள் தங்கள் போனில் இருந்ததை மகளுக்கு அனுப்பினார்கள். திட்டு, தீபாவளி வாழ்த்து, லாரி தாமதம், யாரோ ஒருவன் தொப்பியைத் தொலைத்ததற்கு ஒரு நீண்ட வசை. ரயிலில் வரும்போது மகளும் நானும் காதுக்கு ஒன்றாக இயர்போனின் இரண்டு முனைகளையும் மாட்டிக்கொண்டு, ஜூரோங் வரும்வரை திட்டு வாங்கிக்கொண்டே வந்தோம்.

அதற்கப்புறம் அவள் கணினியில் என்ன செய்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. சில நாள்கள் பள்ளிவிட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொள்வாள். காணொளியின் இரண்டாவது பாதியை மாற்றிவிட்டாள். ஆசிரியை வருத்தப்பட்டாராம். இது மொழிப் போட்டியும்தான், லா போட்டுப் பேசினால் மதிப்பெண் போகும் என்று எடுத்துச் சொல்லியிருக்கிறார். போனால் போகட்டும் என்று இவள் நின்றிருக்கிறாள். கடைசியில் அவரும், உன் அப்பா உன் விருப்பம் என்று போட்டிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். நல்ல மனசு. முடித்ததைப் பார்க்கிறீர்களா என்று மகள் கேட்டபோது இவர் பலகையில் எழுதினார். நேர்ல பாத்துக்கிறேன். நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மருத்துவமனையைத் தவிர வேறெங்கும் அவர் வெளியே கிளம்பிப் பல மாதமாகியிருந்தது.

போட்டி நாளன்று கழுத்துத் துளைக்கு மேல் மெல்லிய துணியைக் கட்டி, அதே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். அரங்கத்தில் வழியோரமாக ஓர் இருக்கையைப் பிடித்துக்கொண்டார், எழுந்து போக வசதியாக. செயற்கைக் கை, ஓட்டுநர் இல்லாப் பேருந்து, மொழிபெயர்க்கும் காதுக்கருவி என்று ஒவ்வொன்றாக வந்தது. பிறகு எங்களுடையது. முதல் பாதியில் அந்தச் செய்தி வாசிப்புக் குரல் வந்து, தன்னை அறிமுகம் செய்துகொண்டது. அரங்கம் மரியாதையோடு கேட்டது. திரை இருண்டது. மகளின் குரல் வந்து, இதைக் கேட்ட என் அப்பா இது நான் இல்லை என்றார், அதனால் அப்பாவைத் தேடிப் போனேன் என்றது. உடனே, முன்னறிவிப்பே இல்லாமல் பட்டறைக் குரல் வெடித்தது.

"டேய், என்ன எல்லாரும் முழிச்சிட்டு உக்காந்திருக்கீங்க? நான்தான் லா. தொண்டையத்தான் எடுத்தாங்க, ஆள எடுக்கல."

அரங்கமே சிரித்தது. அது மகள் எழுதிய வசனம், இயந்திரம் பேசியது. ஆனால் அவரேதான். நான் பக்கத்தில் பார்க்கப் பயந்து, மெல்லத் திரும்பினேன். அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். வாய் திறந்திருந்தது, கழுத்துத் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் சிரிக்கிற மனிதரை அப்படிப் பக்கத்தில் பார்ப்பது எனக்கு அதுவே முதல் தடவை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பரிசு கிடைக்கவில்லை. செயற்கைக் கைக்குப் போனது, நியாயம்தான். நடுவர்களில் ஒருவர் மேடையில், கருத்து நெஞ்சைத் தொட்டாலும் பிற்பகுதியில் மொழித் தரம் இறங்கிவிட்டது என்றார். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு கீழே வந்தாள். திரும்பும்போது ரயிலில் ஒரு மூலையில் உர்ரென்று உட்கார்ந்திருந்தாள். இவர் அவளிடம் கைநீட்டி, அந்தக் குரலை அவள் ஏற்றிவைத்திருந்த போனை வாங்கினார். மெல்லத் தட்டினார்.

"மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிருக்க? ரொம்ப நல்லா இருந்துச்சு லா!"

ஒலி முழு அளவில் இருந்திருக்கிறது. பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எதிரில் இருந்த சீனத் தாத்தா தூக்கத்திலிருந்து பதறி எழுந்தார். மகள் வெட்கத்தால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள், அழவும் செய்தாள். அவர் போனைத் திருப்பித் தரவில்லை, பூன் லே வரும்வரை.

மகள் அந்தக் குரலை அவர் போனிலும் கைக்கணினியிலும் ஏற்றிக் கொடுக்க, அதிலிருந்து அவர் பேச ஆரம்பித்துவிட்டார். மூத்தவருக்குச் செய்தி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். காப்பிக்கடையில் கோப்பிக்கும் அந்தக் குரல்தான், கீழ்வீட்டுக்காரரோடு அரசியலுக்கும் அந்தக் குரல்தான். நான் வேண்டிக்கொண்டதெல்லாம் நடந்துவிட்டது. அப்புறம் எனக்கு என்ன குறை என்று யாராவது கேட்டால் சொல்லக் கூச்சமாக இருக்கும்.

குறை இருந்தது. கப்பல் பட்டறையின் இரைச்சலைத் தாண்டிப் போக எழுந்த குரல் அது. சட்னியில் உப்பு குறைவு என்பதையும் அது எங்கள் வீட்டில் ஏணியின் உச்சியில் நிற்பவனிடம் சொல்வதுபோல்தான் சொன்னது. மகளுக்கு வேடிக்கையாக இருந்தது. எனக்கும் கொஞ்ச நாள் வேடிக்கைதான். பிறகு ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று உறைத்தது. அவர் என்னிடம் பேசிய குரல் இது இல்லை. எனக்குப் பின்னால் வந்து நின்று பேசும் அந்த மெதுவான குரலை யாரும் பதிவு செய்யவில்லை. அது எந்த போனிலும் இல்லை. எந்தத் திடலுக்குப் போய் யாரிடம் கேட்டாலும் கிடைக்காது. அது போனது போனதுதான்.

மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் நான். அன்று சாயங்காலம் அவர் ஏதோ கேட்க, கைக்கணினி வழக்கம்போல் அதட்டியபோது சொல்லிவிட்டேன்.

"இது அவங்ககிட்ட பேசுன குரலுங்க. என்கிட்ட நீங்க இப்படிப் பேசுனதே இல்ல."

அவர் கைக்கணினியை மேசையில் வைத்தார். பிறகு திரும்பி அறைக்குள் போய்விட்டார். மறுபடி சுவரைப் பார்க்க அனுப்பிவிட்டேனோ என்று எனக்குப் பதைத்தது. சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரத்தையே கழுவிக்கொண்டு நின்றேன்.

எனக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு குழாயை மூடியது. போனை என் காதுக்குப் பக்கத்தில் பிடித்திருந்தார். திரையில் ஒலியளவு அடிமட்டத்தில், இதற்குமேல் குறைத்தால் ஊமையாகிவிடும் இடத்தில் நின்றது.

"மழ வருதும்மா. துணியெல்லாம் எடுத்துட்டேன். நீ சாப்ட்டியா?"

பட்டறையில் கத்திய அதே குரல்தான். ஆனால் எனக்கு மட்டும் கேட்கிற அளவில் வந்தது.

இன்னும் இல்லை என்றேன். என் குரலும் அவ்வளவுதான் எழும்பியது.